ஈக்விவகேட், பிரிவேரிகேட்: இரண்டுக்கும் ‘மழுப்பு’ என்று எழுதினால் போதுமா?

தாமிரபரணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீதிமன்றச் சாட்சியங்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சாட்சி, முதல் கேள்விக்கு ‘ஈக்விவகேட்’ செய்ததாகவும் அடுத்த கேள்விக்குப் ‘பிரிவேரிகேட்’ செய்ததாகவும் ஒரே வாக்கியத்தில் வருகிறது. ஆசிரியர் இரண்டையும் வேண்டுமென்றே பிரித்து எழுதியிருக்கிறார் என்பது தெளிவு. என்னிடம் இருக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதியோ இரண்டுக்கும் ‘மழுப்பு’ என்றே சொல்லி நகர்ந்துவிடுகிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியைப் பார்த்தேன். பிரிவேரிகேட்டுக்கு ‘உண்மையிலிருந்து விலகு’ என்று பொருள் சொல்லிவிட்டு, உடனே ஈக்விவகேட்டையே இணைச்சொல்லாக வைத்திருக்கிறது. ‘சாட்சி முதலில் மழுப்பினார், பிறகு மழுப்பினார்’ என்று எழுதினால் பதிப்பாசிரியர் என்னைத்தான் கேள்வி கேட்பார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் உதவ வேண்டும்.

வேர்ச்சொல் எழுதியது:

முதலில் இலத்தீன் மூலங்களைச் சொல்லிவிடுகிறேன். ஈக்விவகேட் என்பதில் இரண்டு பகுதிகள் உள்ளன: சமம் என்னும் பொருளுடைய ‘ஐக்வுஸ்’, அழைத்தல் என்னும் பொருளுடைய ‘வொகாரே’. ஒரே பெயரால் இரண்டு பொருள்களைச் சமமாக அழைப்பது என்பது அதன் கருத்து. ஆகவே அந்தச் சொல்லின் உயிர் இருபொருளில் இருக்கிறது.

பிரிவேரிகேட் வேறு குடும்பத்துச் சொல். ‘வாருஸ்’ என்றால் வளைந்த கால். அதிலிருந்து காலை அகட்டிக் கோணலாக நடப்பதைக் குறிக்கும் வினை பிறந்தது. இச்சொல்லைப் பற்றிப் பழைய உரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். உழுபவன் குனிந்து உழாவிட்டால் கோணிப்போவான் என்று இதே வினைச்சொல்லை வைத்துச் சொல்லிவிட்டு, அந்தக் குற்றம் வயலிலிருந்து வழக்குமன்றத்துக்குப் போயிற்று என்கிறார். உரோமானிய வழக்குமன்றத்தில், எதிராளியோடு உள்ளுக்குள் கைகோத்துக்கொண்டு தன் வழக்கைத் தானே வலுவிழக்கச் செய்யும் குற்றஞ்சாட்டுபவனுக்கு இந்தப் பெயர். அவன் பொய் சொல்ல வேண்டியதில்லை. உழவேண்டிய இடத்தில் உழாமல் விலகிப் போனாலே போதும்.

ஏர் உழுது பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சோடி மாடு இருந்தது. ஏரின் கைப்பிடியான மேழியை அழுத்திப் பிடிக்காமல் நிமிர்ந்து நடந்தால் மண்ணைக் கீறும் கொழு மேலே கிளம்பிவிடும், உழுத கோடாகிய சால் கோணிக்கொள்ளும், இரண்டு சாலுக்கு நடுவில் உழாத மண் திட்டாக நிற்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு மாடு நடந்தது தெரியும், ஏர் ஓடியதும் தெரியும். உழாமல் விட்ட திட்டு விதைத்த பிறகுதான் தெரியவரும். பிரிவேரிகேட் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திட்டுதான் நினைவுக்கு வருகிறது.

தாமிரபரணி எழுதியது:

சால் கோணுவது என்ற விளக்கம் மிகவும் உதவியாக இருக்கிறது, நன்றி. அப்படியானால் ஈக்விவகேட் என்பதைச் ‘சிலேடையாகப் பேசுதல்’ என்று எழுதலாமா?

பழைய வாத்தியார் எழுதியது:

வேண்டாம், அம்மா. சிலேடை பாடும் புலவன் இரண்டு பொருளும் கேட்பவர் காதில் விழ வேண்டும் என்றுதான் பாடுகிறான். இரண்டாவது பொருள் விழாவிட்டால் அவனுக்குத்தான் நட்டம். ஈக்விவகேட் செய்பவரோ, கேட்பவர் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று விரும்புகிறார். மற்றொரு பொருளைப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது எடுத்துக் காட்டுவதற்காக மடியில் முடிந்து வைத்திருக்கிறார்.

நம் மரபில் இதற்கு அருகில் வரும் கதை காளமேகத்தினுடையது. நாகைக் காத்தான் சத்திரத்தில் சோறு நேரத்துக்கு வராததால் அவர் பாடிய வசை நமக்குத் தெரியும். பொழுது அத்தமிக்கும்போது அரிசி வரும், உலையில் இடும்போது ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பை அன்னம் இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும் என்று பாடினார். சத்திரக்காரர் வந்து மன்றாடியதும் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னதாகக் கதை. ஊர் அடங்கும் என்றது ஊராரின் பசி அடங்கும் என்பதாம். வெள்ளி என்றது அன்னத்தின் வெண்மையைக் கண்டு எழுந்த விண்மீனாம். பாட்டில் ஓரெழுத்தும் மாறவில்லை, வசை வாழ்த்தாகிவிட்டது. ஈக்விவகேட் என்பதன் இயக்கம் இதுதான், ஆனால் காளமேகம் யாரையும் ஏமாற்றவில்லை என்பதால் அவர்மேல் அந்தப் பழியைச் சுமத்த எனக்கு மனமில்லை.

ஏமாற்றத்தோடு கூடிய எடுத்துக்காட்டு வேண்டுமானால் குருச்சேத்திரத்துக்குப் போக வேண்டும். அசுவத்தாமன் என்ற பெயர் துரோணரின் மகனுக்கும் உண்டு, ஒரு யானைக்கும் உண்டு. ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று தருமர் உரக்கச் சொல்லி, யானை என்பதை வாய்க்குள் மென்று விழுங்கினார். ஒரே பெயர் இருவரைச் சமமாக அழைத்தது. வேர்ச்சொல் அவர்கள் சொன்ன இலத்தீன் வேருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

வாத்தியார் ஐயா தருமரைக் கொண்டுவந்தது பொருத்தம். ஈக்விவகேஷன் என்ற சொல் இங்கிலாந்தில் தெருச்சண்டைச் சொல்லாக மாறியதற்குக் காரணமே இப்படி வாய்க்குள் விழுங்கிய சொற்கள்தான். முதலாம் எலிசபெத் காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். தேடிவந்தவர்கள், வீட்டில் பாதிரியார் இருக்கிறாரா என்று ஆணையிட்டுக் கேட்டால் என்ன செய்வது? இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பைச் சேர்ந்த சிலர் ஒரு வழி சொன்னார்கள். ‘நான் பாதிரியாரைப் பார்க்கவில்லை’ என்று வாயால் சொல்லி, ‘உன்னிடம் சொல்லவேண்டிய நோக்கத்தோடு’ என்பதை மனத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என்பது அந்த வழி. 1595-இல் இராபர்ட் சவுத்வெல் என்ற இயேசு சபைப் பாதிரியார் மீது நடந்த விசாரணையில் இந்தப் போதனை அவருக்கு எதிராகவே எழுப்பப்பட்டது.

மன்னரோடு நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் திட்டமிட்ட 1605-ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதிக்குப் பிறகு என்றி கார்னெட் என்ற இயேசு சபைத் தலைவர் பிடிபட்டார். ஈக்விவகேஷனுக்கு ஆதரவாக எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் படியை அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் மன்றத்தில் பயன்படுத்தினார். 1606 மே மாதம் கார்னெட் தூக்கிலிடப்பட்டார். மேக்பெத் நாடகத்தில் குடிகார வாயிற்காவலன் தராசின் இரண்டு தட்டுக்கும் ஆணையிடக்கூடிய ஈக்விவகேட்டர் ஒருவனை நரகத்துக்குள் வரவேற்பது அந்த வழக்கைச் சுட்டுவதாகத்தான் அறிஞர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். அடைக்கலம் கொடுத்தவரின் உயிரைக் காப்பாற்ற எழுந்த ஓர் உத்தி, பத்து ஆண்டுகளில் வஞ்சகத்தின் மறுபெயராகிவிட்டது. எனக்கு அந்தப் பாதிரியார்களிடம் கொஞ்சம் இரக்கம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கூண்டுக்கு வெளியே எழுதியது:

நான் வழக்கறிஞர். குறுக்கு விசாரணையில் தினமும் பார்ப்பது இந்த இரண்டையும்தான். தாமிரபரணி அம்மையாரின் புத்தகம் நீதிமன்றம் பற்றியது என்பதால், இந்த வேறுபாட்டுக்கு உரைகல்லாக இருக்கும் ஓர் அமெரிக்க வழக்கைச் சொல்கிறேன்.

சாமுவேல் பிரான்ஸ்டன் என்பவர் பெரும் பொருட்செலவில் வரலாற்றுப் படங்கள் எடுத்த தயாரிப்பாளர். அவருடைய நிறுவனம் நொடித்துப்போய், 1966-இல் கடன்காரர்களின் வழக்கறிஞர் அவரை ஆணையிட்டு விசாரித்தார். ‘சுவிஸ் வங்கிகளில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா?’ என்பது கேள்வி. ‘இல்லை, ஐயா’ என்றார். ‘எப்போதாவது இருந்ததா?’ என்று அடுத்த கேள்வி. ‘நிறுவனத்துக்குச் சூரிச்சில் சுமார் ஆறு மாதம் ஒரு கணக்கு இருந்தது’ என்றார். வழக்கறிஞர் திருப்தியாகி வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். உண்மையில் பிரான்ஸ்டனுக்குத் தம் சொந்தப் பெயரிலேயே 1959 முதல் 1964 வரை செனீவாவில் கணக்கு இருந்தது.

முதல் விடை உண்மை, ஏனென்றால் விசாரிக்கப்பட்ட நாளில் கணக்கு இல்லை. இரண்டாவது விடையும் உண்மை, ஏனென்றால் நிறுவனத்துக்குக் கணக்கு இருந்தது. அவர் சொன்ன எந்தச் சொல்லிலும் இருபொருள் இல்லை. சூரிச் என்றால் சூரிச்தான், நிறுவனம் என்றால் நிறுவனம்தான். அவர் செய்ததெல்லாம் கேட்ட கேள்வியின் சாலிலிருந்து ஓரடி தள்ளி உழுததுதான். கீழ்நீதிமன்றங்கள் இதைப் பொய்ச்சாட்சி என்று தண்டித்தன. 1973-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை நீக்கியது. சொல்லுக்குச் சொல் உண்மையாக இருக்கும் விடை, கேள்விக்குப் பொருந்தாததாகவும் தவறான எண்ணத்தைத் தருவதாகவும் இருந்தாலும், பொய்ச்சாட்சி ஆகாது. சாட்சி விலகிப் போகும்போது அவரைப் பிடித்து மீண்டும் கேள்விக்குக் கொண்டுவருவது கேள்வி கேட்பவரின் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம்.

என் கணக்கில் இது கலப்பற்ற பிரிவேரிகேஷன். இதற்கு எதிர்முனையில் இருப்பது 1998 ஆகஸ்டில் அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டன் பெருநடுவர் குழுவின் (கிராண்ட் ஜூரி) முன் சொன்னது. ஒரு தகாத உறவு ‘இல்லை’ என்று அவருடைய வழக்கறிஞர் முன்பு சொன்னது பொய்யல்லவா என்று கேட்டபோது, அது ‘இஸ்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது என்றார். இப்போது இல்லை என்பதா, எப்போதுமே இருந்ததில்லை என்பதா என்ற பிளவைத் தம் கேடயமாகப் பிடித்துக்கொண்டார். அங்கே கேள்வியிலிருந்து விலகல் இல்லை. வித்தை முழுவதும் ஒரு சிறு சொல்லுக்குள் இருந்தது.

பழைய வாத்தியார் எழுதியது:

பிரான்ஸ்டன் கதையைப் படித்துவிட்டு எழுந்து போய் நன்னூலை எடுத்து வந்தேன். பவணந்தியார் விடையை எட்டாகப் பிரிக்கிறார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடி விடைகள். பின்னால் வரும் ஐந்தும் நேராகச் சொல்லாமல் விடையைக் குறிப்பால் தருவன. ‘ஆடுவாயா?’ என்று கேட்டால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி. ஆடமாட்டேன் என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் கேட்டவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார், இலக்கணமும் அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

‘உமக்குக் கணக்கு இருந்ததா?’ என்ற கேள்விக்கு ‘நிறுவனத்துக்கு இருந்தது’ என்பது அச்சு அசலான இனமொழி விடை. அந்த வழக்கறிஞர் மடையர் அல்லர். மொழியின் வழக்கப்படி ‘எனக்கு இல்லை’ என்ற மறுப்பைக் கேட்டுக்கொண்டு போனார். பிரான்ஸ்டன் அந்த மறுப்பைத் தாம் சொல்லாமலே அவரைக் கேட்க வைத்தார். ஆகவே ஈக்விவகேட் செய்பவர் சொல்லின் பொருளைத் திருடுகிறார் என்றால், பிரிவேரிகேட் செய்பவர் கேள்விக்கும் விடைக்கும் இடையே உள்ள நம்பிக்கையைத் திருடுகிறார். தொல்காப்பியர் ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ (விடையையும் வினாவையும் வழுவாமல் காக்க) என்று அதைத்தான் காக்கச் சொல்கிறார். ‘வழாஅல்’ என்பதில் உள்ள வழுவுதலும், பிளினியின் உழவன் கோணிப்போனதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன், நீதிமன்றக்காரர்கள் திருத்தலாம். கேள்வியை அழித்துவிட்டு விடையை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்ற தாளை யாரிடம் நீட்டினாலும் ‘எந்த அசுவத்தாமன்?’ என்ற பள்ளம் அதிலேயே இருக்கும். ‘நிறுவனத்துக்குச் சூரிச்சில் கணக்கு இருந்தது’ என்ற தாளை நீட்டுங்கள், அதில் ஒரு குற்றமும் தெரியாது. கேள்வியைப் பக்கத்தில் வைத்தால்தான் அதன் கோணல் தெரியும்.

கூண்டுக்கு வெளியே எழுதியது:

திருத்த ஒன்றுமில்லை, ஐயா, ஒன்றைச் சேர்க்கிறேன். இனமொழியைக் குறிப்பு விடையாக ஏற்றுக்கொள்ளும் இலக்கணம், சொல்பவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நீதிமன்றத்தில் அந்த நம்பிக்கையை வைக்க முடியாது என்பதுதான் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பின்னணி. அதனால்தான் என் மூத்தவர், சாட்சி இனமொழி சொன்னால் உடனே ‘நிறுவனத்தை விடுங்கள், உங்களுக்கு?’ என்று அதே கேள்வியை மறுபடி வைக்கக் கற்றுக்கொடுத்தார்.

தேம்ஸ்கரை எழுதியது:

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். அதே கேள்வியை மறுபடி வைப்பது என்றதும் எனக்கு 1997 மே மாதத்து பி.பி.சி. நியூஸ்நைட் தொலைக்காட்சிப் பேட்டிதான் நினைவுக்கு வந்தது. முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம், சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறி ஆணையிடுவேன் என்று மிரட்டினீர்களா என்று செரமி பேக்ஸ்மன் கேட்டார். ‘அவருக்கு ஆணையிட எனக்கு உரிமை இல்லை, நான் ஆணையிடவில்லை’ என்பதுபோல் பதில் வந்தது. மிரட்டினீர்களா என்பதே கேள்வி என்று பேக்ஸ்மன் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வி பன்னிரண்டு முறை கேட்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்வார்கள். வாத்தியார் ஐயாவின் தாளில் எழுதிப் பார்த்தால் ‘நான் ஆணையிடவில்லை’ என்பதில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த நிகழ்ச்சித் துண்டு தயாராகாததால் நேரத்தை ஓட்டவே அப்படிக் கேட்டதாகப் பேக்ஸ்மன் பிற்காலத்தில் சொன்னது தனி வேடிக்கை.

தாமிரபரணி அம்மையாருக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இங்கே பிரிட்டனில் பலர் பிரிவேரிகேட் என்பதை முடிவெடுக்காமல் காலம் கடத்துவதற்குப் பயன்படுத்துகிறார்கள். தள்ளிப்போடுதல் என்னும் பொருளுடைய புரோகிராஸ்டினேட் என்ற சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால் வந்த குழப்பம் என்று நடைநூல்கள் கண்டிக்கின்றன, மக்கள் கேட்பதாக இல்லை. அமெரிக்காவிலோ ‘பொய் சொன்னார்’ என்பதை நாகரிகமாகச் சொல்லவே இதைப் பயன்படுத்துகிறார்கள். ஈக்விவகேட் என்பதும் செய்தித்தாள்களில் எந்தப் பக்கமும் சாராமல் பிடிகொடுக்காமல் பேசுவது என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வாத்தியார் ஐயாவின் சோதனை கவனமாக எழுதுபவர்களிடம்தான் செல்லும்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் பேசும் விதத்தைக் குறிக்கும் பிரிவேரிகேட், ஸ்பானிய மொழியில் ஒரு குற்றத்தின் பெயராக இருக்கிறது. நீதிபதியோ அதிகாரியோ அநீதி என்று அறிந்தே தீர்ப்போ ஆணையோ வழங்குவது அங்கே ‘பிரெவரிகாசியோன்’. 2012-இல் ஸ்பெயினின் புகழ்பெற்ற நீதிபதி பல்தசார் கார்சோன் இந்தக் குற்றத்துக்காகப் பதினோர் ஆண்டுகள் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். உங்கள் நூலில் ஸ்பானிய வழக்கு எதுவும் வந்தால், ‘நீதிபதி மழுப்பினார்’ என்று எழுதிவிடாதீர்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

வழுவிய நீதி என்ற பழைய உரோமானியப் பொருள் ஸ்பானியரிடம்தான் அப்படியே தங்கியிருக்கிறது போலும். இதற்கிடையில் ஒரு சிறு குறுக்கீடு. எங்கள் ஊர் மளிகைக்கடையில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை தொங்கும். வாத்தியார் ஐயாவின் தாளில் அதை எழுதினால் ‘எந்த நாளை?’ என்ற பள்ளம் பலகையிலேயே இருக்கிறது, ஆகவே அது ஈக்விவகேஷன். அதே தெருவில் இருந்த தையற்காரரிடம் ‘என் சட்டை தைத்தாகிவிட்டதா?’ என்று கேட்டால், ‘காலையிலிருந்து மின்சாரம் இல்லை, தம்பி’ என்பார். மின்சாரம் இல்லாதது உண்மை. அவருடையதோ காலால் மிதிக்கும் இயந்திரம்.

பழைய வாத்தியார் எழுதியது:

அந்தத் தையற்காரர் சொன்னது, நேர்ந்ததைச் சொல்லி விடையை உணர்த்தும் உற்றது உரைத்தல் வகை விடை. நன்னூலார் அவரையும் எதிர்பார்த்திருக்கிறார்.

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த வாக்கியத்தை மீண்டும் படித்தேன். சாட்சியின் இரண்டு விடைகளையும் வாத்தியார் ஐயா சொன்னபடி தாளில் எழுதிப் பார்த்தேன். ஆசிரியர் சொற்களைச் சரியாகவே கையாண்டிருக்கிறார். ‘சாட்சி முதல் கேள்விக்கு இருபொருள் வைத்துப் பேசினார், அடுத்த கேள்விக்கு விடை வழுவினார்’ என்று எழுதியிருக்கிறேன். விடை வழுவுதல் என்பது வாசகருக்குப் புதிதாக இருக்குமோ என்று தயங்கி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘கேட்டதை விட்டு வேறொன்றைச் சொல்லி’ என்ற தொடரை முன்னால் சேர்த்தேன். மழுப்பு என்ற சொல்லை, ஆசிரியர் இரண்டையும் பிரிக்காமல் பொதுவாகப் பேசும் இடங்களுக்கு வைத்துக்கொண்டேன்.

தேம்ஸ்கரை அவர்களின் எச்சரிக்கை உடனே கைகொடுத்தது. ஏழாவது கட்டுரையில், ஒரு குழு மூன்று மாதங்கள் ‘பிரிவேரிகேட்’ செய்தது என்று இருக்கிறது. அந்தக் கட்டுரையை எழுதியவர் வேறொருவர், இலண்டன்காரர். அங்கே கேள்வியும் இல்லை, விடையும் இல்லை. ‘இழுத்தடித்தது’ என்று எழுதிவிட்டேன்.

பழைய வாத்தியார் எழுதியது:

சரியாகச் செய்தீர்கள், அம்மா. ‘விடை வழுவினார்’ என்பதில் மட்டும் ஒரு சிறு திருத்தம்: ‘விடையில் வழுவினார்’ என்று உருபை விரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் விடைதான் வழுவியது என்று யாராவது இருபொருள் எடுப்பார்கள்.